ஏழாம் வரிசை

பிராக் நகரின் வடக்கு ஓரம். நாற்பத்தாறு, மார்ச்.
கொட்டகைக் கதவு முழுதாய்த் திறக்காது.
பகலில் உருகிய பனி இரவில் உறைந்து
தண்டவாளத்தைக் கவ்வியிருக்கிறது.
உள்ளே இறக்கைகள்.
சுரங்கங்களில், சர்க்கரை ஆலைகளில், பள்ளிக்கூட நிலவறைகளில்
அவர்கள் விட்டுவிட்டு ஓடியவை.
ஓர் இடத்து உடல், வேறிடத்து மூக்கு,
எங்கிருந்தோ வந்த சக்கரம்.
எஞ்சின்கள் மட்டும் வைக்கோலுக்குள்,
முட்டை போல.

இருபத்தைந்து மணி நேரம்தான் அவற்றின் ஆயுள்
என்றார் ஆய்வாளர் செஸ்ட்மீர்.
நிக்கலுக்கு வழியில்லாத நாட்டின் உலோகம்.
ஒரு பகல், ஓர் இரவு, மேலும் ஒரு மணி.
பழைய பெயர் தகைவிலான்,
மண்ணில் கால் வைக்க விரும்பாத குருவி.
புதுப்பெயர் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும்.
பெயரெழுதும் பையன்
சிலுவைக் குறிமேல் சாம்பல் நிறம் பூசினான்.
மூன்று பூச்சுக்குப் பிறகும் கறுப்பு எட்டிப் பார்த்தது.
திட்டிக்கொண்டே நாலாவது பூசினான்.

ஐந்தாவது மேசை என்னுடையது. ஹெட்விகா. ரிவெட் அடிப்பவள்.
இந்த வேலையை எங்கே கற்றாய் என்று
சேரும்போது கேட்டார்கள்.
"இதிலேயே" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேருக்கு அதே பதில்.

இருபத்துநாலில் பிறந்தவர்களை மொத்தமாய் அள்ளிக்கொண்டு போனார்கள்.
முகத்தைப் பார்க்கவில்லை, வருஷத்தைப் பார்த்தார்கள்.
மலையைக் குடைந்த கூடம். சுவரெல்லாம் கசிவு.
பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு துண்டு ரொட்டி.
அதில் மாவு எவ்வளவு, மரத்தூள் எவ்வளவு என்று
பந்தயம் கட்டுவோம்.

அதில் ஒரு கிள்ளு எடுத்து மெல்லுவேன்.
விழுங்க மாட்டேன்.
தொண்டை கெஞ்சும். விழுங்க மாட்டேன்.
இடது இறக்கை, ஏழாம் வரிசை, பதினோராம் துளை.
ரிவெட்டுக்குப் பதில் அதை வைத்து
கட்டைவிரலால் அழுத்தி
மேலே மக்குப் பூசுவேன்.
மேற்பார்வையாளன் ஹென்ஸ்லர் விளக்கைச் சாய்த்துப் பார்ப்பான்.
மழமழவென்றிருக்கும்.
சுத்தமான கை என்பான்.

ஒரு துளையால் விமானம் விழாது. தெரியும்.
அதனால் பன்னிரண்டும் பதின்மூன்றும்.
அப்படியும் விழாமல் போயிருக்கலாம்.
விழுந்ததா என்று யாரும் வந்து சொல்லவில்லை.
இரவில் பலகையில் கிடந்தபடி
என் எச்சில் எங்கோ மேகத்துக்குமேல் போகிறது என்று நினைப்பேன்.
அன்றைக்கு அதுவே சாப்பாடு.

இன்று காலை என் மேசைக்கு
ஓர் இடது இறக்கை வந்தது. ஒருமுறையும் பறக்காதது.
எனக்கு முன்னால் என் விரல் போய்விட்டது.
ஏழு. பத்து, பதினொன்று.
நகத்தால் சுரண்ட, மக்கு பெயர்ந்து
பழுப்பாய் ஒரு பொருக்கு உள்ளங்கையில் விழுந்தது.

பக்கத்தில் ரடோவான், கையில் தேநீர்.
அடுத்த வாரம் இதில் ஏறப்போகிறவன்.
"என்ன அது?" என்றான்.
உனக்கு வைத்ததல்ல என்று
எப்படிச் சொல்வது.

செஸ்ட்மீரிடம் போனேன்.
"இடது, ஏழாம் வரிசை. மூன்று இல்லை."
எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.
படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில்,
பழைய தயாரிப்புக் குறை என்று எழுதி
என் பக்கம் தள்ளினார். கையெழுத்திட்டேன்.
பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"எத்தனை இறக்கை?"
நூற்றுப்பத்தொன்பது. அல்லது இருபது.
காய்ச்சலில் கிடந்த நாள் சரியாய் நினைவில்லை.

கடலோரத்தில் கப்பலேற்றி அமெரிக்கர்கள் கொண்டுபோனவை எத்தனை,
ரஷ்யர்கள் சரக்கு ரயிலில் இழுத்துப்போனவை எத்தனை.
யாருக்கு எழுதுவது,
எந்த மொழியில்,
ஐயா, உங்கள் விமானத்தில்
என் இரவுச் சாப்பாடு இருக்கிறது என்று?

மூன்று ரிவெட். நானே அடித்தேன்.
மறுபக்கம் இரும்புக் கட்டையைப் பிடித்தவன்
பெயரெழுதும் பையன்; கையெல்லாம் சாம்பல் நிறம்.
பொருக்கை என்ன செய்வதென்று தெரியாமல்
மேலங்கிப் பையில் போட்டேன்.

மத்தியானம் கேன்டீனில்
முழு ரொட்டி, பன்றிக் கொழுப்பு தடவியது.
மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன்.
"விழுங்கடி," என்றாள் பக்கத்திலிருந்தவள்,
"சங்கு ஊதப்போகிறான்."